வடிதுணியில் தங்கிய உயிர்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நீரும் உயிரும்’ என்னும் தலைப்பை விழாக் குழுவினர் எனக்குத் தந்தார்கள். தமிழ் படித்தவளிடம் இப்படியொரு தலைப்பைக் கொடுத்தால் மேற்கோள்களை அடுக்கிக்கொண்டே போவாள் என்று நீங்கள் அஞ்சியிருக்கலாம். இன்று ஒரு செய்யுளும் சொல்லப் போவதில்லை. கிணற்றின் அடியில், பாறை இடுக்கில், இருளில் வாழும் ஒரு சிற்றுயிரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். பேச்சின் முடிவில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிட்டால் சிலர் எழுந்து போய்விடக் கூடும்; ஆகவே பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் வந்தவாசிக்கு அருகில் உள்ளது. கொல்லையில் ஒரு கிணறு. விடியற்காலையில் அம்மா நீர் இறைப்பார். குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணி கட்டியிருக்கும். நீர் முழுதும் வடிந்த பிறகு அத்துணியை எடுத்து உதற மாட்டார், பிழியவும் மாட்டார். வடித்த நீரிலேயே ஒரு செம்பு எடுத்து, துணியைத் திருப்பிப் பிடித்து, மறுபுறத்திலிருந்து மெல்ல ஊற்றுவார். துணியில் தங்கியவை சிறு வாளி ஒன்றில் இறங்கும். அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் நீர்மட்டம் வரை இறக்கி, அங்கே சாய்ப்பார். அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்.

“மேலிருந்தே ஊற்றினால் என்னம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். “நாற்பதடி மேலேயிருந்து உன்னைத் தள்ளிவிட்டால் உனக்கு எப்படியிருக்கும்?” என்றார். அம்மா அதிகம் படித்தவர் அல்லர். தத்துவார்த்த சூத்திரம் என்னும் பெயரை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை.

கோடையில் எங்கள் கிணறு வற்றினால் பங்காளி வீட்டுக் கிணற்றிலிருந்து நீர் எடுத்து வருவோம். வடித்தபின் வாளியில் சேர்ந்ததை எங்கள் கிணற்றில் விடாமல், தெருக்கோடி வரை நடந்துபோய் அவர்கள் கிணற்றிலேயே விட்டுவிட்டு வருவார். அந்தக் கிணற்று உயிர் அந்தக் கிணற்றுக்கே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. வடநாட்டுச் சமணர் இவ்வாறு திருப்பி விடுவதை ‘ஜீவானி’ என்பர். அதற்கென்றே அவர்களிடம் ஒரு வாளி உண்டு. வளையம் அதன் அடியில் இருக்கும். நீர்மட்டம் வரை இறக்கிய பின் கயிற்றைச் சுண்டினால் வாளி தானே கவிழ்ந்துவிடும்.

இரவில் உண்ணாமையும் நீரை வடித்துக் குடித்தலும் சமணக் குடும்பத்தின் அடையாளங்கள் என்று சிறுவயதிலேயே கற்றோம். வடித்த நீர் இரண்டு நாழிகைக்குத்தான் செல்லும். அதற்குப் பின் மீண்டும் வடிக்க வேண்டும் என்றும் கற்றோம். நீரே ஓரறிவுயிர்களின் உடல். அவற்றை வடித்து விலக்க இயலாது. நீரில் இயங்கும் உயிர்களையாவது காக்கலாம் என்பதே வடிதுணியின் நோக்கம். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. நான் அறியாமல் இருந்தது வேறொன்று. அம்மாவின் துணியில் தங்கியவை யார்? அறுபது வயதுக்கு மேல்தான் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது.

1950ஆம் ஆண்டில் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியக ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. சோப்ரா, திவாரி என்னும் இரு விலங்கியலார் எழுதியது. காசி நகரத்துக் கிணறுகளில் கிடைத்த, அதுவரை அறிவியல் அறியாத ஓர் உயிரைப் பற்றியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் நிக்கோல்சியா காசியென்சே. பெயரின் முற்பகுதி, இக்குலத்து உயிர்களை விரிவாக ஆராய்ந்து நூல் செய்த ஆஸ்திரேலிய அறிஞர் நிக்கோல்ஸைக் குறிக்கும். பிற்பகுதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காசி என்றதும் நமக்கு நினைவு வருவோர் யார்? இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதர் பிறந்த நகரம் அது. சுபார்சுவநாதரும் அங்கே பிறந்தவர். சிரேயாம்சநாதர் பிறந்த சிம்மபுரியும், சந்திரபிரபர் பிறந்த சந்திரபுரியும் அதன் அண்மையில் உள்ளன. நம் கொங்கு நாட்டு விஜயமங்கலத்துக் கோயிலில் எழுந்தருளியிருப்பவரும் அந்தச் சந்திரபிரபரே. இத்தகைய ஊரில் எத்தனை நூற்றாண்டுகளாகச் சமணப் பெண்கள் கிணற்று நீரை வடித்திருப்பார்கள்! அவர்கள் துணியிலும் இந்த வெள்ளை உயிர் எப்போதேனும் தங்கியிருக்கக் கூடும். அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வாளியில் இறக்கித் திருப்பி விட்டிருப்பார்கள்.

அது எப்படியிருக்கும்? ஈரமான பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் சிறு பூச்சிகள் ஓடுமல்லவா? தொட்டவுடன் சில வகைகள் மணிபோல் சுருண்டுகொள்ளும். குழந்தைகள் கையில் வைத்து உருட்டி விளையாடுவார்கள். அவற்றைப் பூச்சி என்று நாம் சொன்னாலும், அவை நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. ஐசோப்போடு என்பது அவ்வரிசையின் பெயர். ‘ஒத்த கால்களை உடையது’ என்று பொருள். ஏழு இணைக் கால்கள். உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள. பாதியளவு கடலிலும், பெரும்பங்கு நிலத்திலும் வாழ, நன்னீரில் வாழ்பவை ஏறத்தாழ ஆயிரம். ஓடை, ஊற்று, குகைநீர், கிணறு என அவற்றின் இல்லங்கள் பல.

காசிக் கிணற்று உயிர் அந்த ஆயிரத்தில் ஒன்று. பூந்தொட்டி உறவினரைப் போல் அது தட்டையானது அன்று. பக்கவாட்டில் ஒடுங்கிய உடல். கண் இல்லை. நிறமும் இல்லை. இருளில் நிறம் யாருக்குக் காட்ட? இலைத்துணுக்கும் மட்கிய பொருளும் நுண்ணுயிர்ப் படலமுமே இத்தகைய உயிர்களின் உணவு. கிணற்றின் அடியில் யாரும் ஏவாமல் துப்புரவு நடக்கிறது. இன்னொன்று கேட்டால் தாய்மார்களுக்குப் பிடிக்கும். இவ்வரிசையின் தாய் முட்டையை நீரில் விட்டுவிட்டுப் போவதில்லை. மார்பின் அடியில் ஒரு பை உண்டு. அதில் வைத்துச் சுமக்கும். குஞ்சுகள் தாயின் வடிவிலேயே, ஏழாவது கால் இணை மட்டும் முளைக்காத நிலையில், வெளியே வரும். இதைப் படித்தபோது அம்மாவின் வாளி நினைவுக்கு வந்தது. துணியில் தங்கிய ஒன்று, முப்பது உயிர்களைச் சுமந்திருக்கலாம்.

இக்குலத்தை முதன்முதலில் உலகுக்குக் காட்டியதும் ஒரு கிணறே. நியூசிலாந்தில் கான்டர்பரிப் பகுதியின் ஐர்ட்டன் என்னும் சிற்றூரில், கிணற்று நீரில் வந்த கண்ணற்ற சிற்றுயிர்களைச் சார்ல்ஸ் சில்ட்டன் என்னும் இளைஞர் ஆராய்ந்து 1880களின் தொடக்கத்தில் எழுதினார். அவற்றுள் ஒன்றுக்கு ஃபிரியாட்டோய்க்கஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் கிணற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆக்கிய பெயர். தமிழில் ‘கிணற்றுவாணர்’ எனலாம். குலப்பெயரே கிணற்றிலிருந்து பிறந்திருக்கிறது, பாருங்கள்.

நியூசிலாந்தில் ஒன்று, காசியில் ஒன்று. இடையில் பெருங்கடல். இவ்வுயிர்க்கு நீந்திக் கடல் கடக்கும் இளம்பருவம் இல்லை என்று சற்றுமுன் சொன்னேன். குஞ்சு தாயின் பையிலிருந்து நேரே தாயின் வீட்டிலேயே இறங்குகிறது. நன்னீர்க் குலத்தார் உப்பு நீரைக் கடந்து எப்படி வந்தனர்? அவர்கள் வரவில்லை. நிலம் வந்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகியன ஒரே பெருநிலமாக, கோண்டுவானா என்று நிலவியலார் அழைக்கும் நிலமாக, இருந்த காலத்திலேயே இக்குலம் நன்னீருக்குள் குடியேறிவிட்டது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியப் பகுதி ஆஸ்திரேலிய, அண்டார்க்டிகப் பகுதியிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்தபோது, பாறையின் நீர்வழிகளில் இவையும் உடன் வந்தன. இமயமலை எழுவதற்கு முன்பே இவை இங்கே இருந்தன. இக்குலத்தின் மூதாதையரின் புதைபடிவம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிடைத்திருக்கிறது. அது 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது, அன்று அவை கடலில் வாழ்ந்தன. அவசர்ப்பிணி, உற்சர்ப்பிணி என்று காலச்சக்கரத்தைப் பேசிப் பழகிய நமக்கே இந்த எண்கள் சற்று மலைப்பூட்டுகின்றன.

காசிக்குப் பின் 1955இல் பீகாரின் மோங்கிரிலிருந்து இரண்டாவது இனத்தைத் திவாரி விவரித்தார். பிறகு நெடுங்காலம் ஓசையில்லை. 2011இல்தான் ஆந்திர மாநிலத்தின் நிலத்தடி நீரிலிருந்து ஒரு புதிய பேரினம் வெளிவந்தது. குண்டூர் ஆச்சாரிய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ரங்கா ரெட்டியும் சிட்னி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் வில்சனும் இணைந்து அதற்கு ஆந்திரகாய்டஸ் என்று பெயரிட்டனர். 2015இல் அதே பேரினத்தில் குகைநீர் வாழும் மற்றொன்று. இவற்றின் நெருங்கிய உறவினர் இன்று ஆஸ்திரேலியாவில் வாழ்கின்றனர். வடக்கே கங்கைக் கரை, தெற்கே ஆந்திரம். நம் வாயிற்படி வரை வந்தாயிற்று. தென்மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் கோட்டயத்துக் கிணறுகளில் கண்ணற்ற ஒரு கெளுத்தி மீன் வாழ்கிறது. ஏ.ஜி.கே. மேனன் அதை விவரித்த ஆண்டும் 1950தான். ஒரே ஆண்டில் இரு கிணறுகள் வாய் திறந்தன.

இனி, தமிழாசிரியையாக எனக்கு எழுந்த ஓர் ஐயம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறார். சிதலையும் எறும்பையும் மூவறிவில் வைத்தவர், நண்டைத் தும்பியோடு சேர்த்து நான்கறிவில் வைக்கிறார். மெய், நா, மூக்கு ஆகியவற்றோடு கண்ணும் உடையது நண்டு. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புடைய நம் பவணந்தி முனிவரும் நன்னூல் உரியியலில் இதே ஏணியைத்தான் வைக்கிறார். ஆனால் நான்கறிவுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு தும்பியும் வண்டும். நண்டு அங்கே இல்லை. ஏன் விட்டார் என்று வகுப்பில் மாணவர்களைக் கேட்டு விளையாடியிருக்கிறேன். இலக்கண நூலில் உயிர்வகை எதற்கு என்று ஒரு மாணவன் எதிர்க்கேள்வி கேட்டான். சமண முனிவர் இலக்கணம் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

இப்போது பாருங்கள். கிணற்றுவாணர் நண்டின் உறவு. ஆனால் கண் இல்லை. அப்படியானால் நான்கறிவா, மூவறிவா? ஏட்டின்படி எறும்போடு மூவறிவில்தான் வைக்க வேண்டும். இதை இன்னும் சிக்கலாக்கும் உயிர் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அசெல்லஸ் என்னும் நன்னீர் ஐசோப்போடு அது. குளங்களிலும் ஓடைகளிலும் எங்கும் காணலாம். பழுப்பு நிறம், கண்ணும் உண்டு. சுலோவேனியாவில் போஸ்தோய்னா என்னும் புகழ்பெற்ற குகைக்குள் ஓர் ஆறு நுழைகிறது. அந்த ஆற்றோடு உள்ளே போய்த் தலைமுறை தலைமுறையாக இருளில் வாழ்ந்த அசெல்லஸ் கூட்டத்துக்குக் கண்ணும் நிறமும் மறைந்துவிட்டன. வெளியே உள்ளதையும் உள்ளே உள்ளதையும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தால் இன்றும் குஞ்சு பிறக்கிறது. ஓரினமே வாயிலில் நான்கறிவு, உள்ளே மூவறிவு! அறிவு ஒன்று குறைந்ததைத் தாழ்வு என்று எண்ணிவிடாதீர்கள். கண் போன இடத்தில் உணர்கொம்புகள் பெரும்பாலும் நீண்டு வளர்கின்றன. தொட்டும் முகர்ந்தும் அவை தம் உலகை முழுதாக அறிகின்றன. நம் ஆகமங்கள் பொறிகளை எண்ணியது வரிசையில் நிறுத்துவதற்காக அன்று; எந்த உயிரை எப்படித் துன்புறுத்தாமல் இருப்பது என்று அறிவதற்காக என்றே நான் கொள்கிறேன்.

வடித்தல் என்றதும் இக்காலத்தில் எல்லாரும் சொல்வது உடல்நலம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும் இவ்வுயிர் வருகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிக்காமலே குழாய்களில் விட்டது. அக்குழாய்களுக்குள் வாழும் உயிர்களைக் கிரேப்பெலின் என்னும் விலங்கியலார் ஆராய்ந்து 1885இல் ஒரு நூலே எழுதினார். அசெல்லஸ் அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆற்றில் இருப்பது குழாயிலும் இருக்கிறது என்றால் இடையில் வடிப்பு இல்லை என்று பொருள். ஏழாண்டு கழித்து, 1892இல், அந்த நகரில் காலரா பரவி 8,600 பேர் மாண்டனர். தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள அல்ட்டோனா நகரம் அதே ஆற்று நீரை மணற்படுகையில் வடித்து வழங்கியது. அது பெரும்பாலும் தப்பியது. கோக் என்னும் பேரறிஞர் இந்த வேறுபாட்டைக் கண்டு எழுதிய பின் உலகம் வடிப்பின் அருமையை உணர்ந்தது.

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, அன்றே நம் முன்னோர் சொன்னார்கள்!” என்று மேடைகளில் முழங்குகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அல்ட்டோனா வடித்தது குடிப்பவரைக் காப்பதற்கு. அம்மா வடித்தது வடிபட்டதைக் காப்பதற்கு. முன்னதில் மணலில் தங்கியது என்னவாயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பின்னதில் அதுதான் முதற்கேள்வி. துணியைக் கழுவும் இடத்தில் இருக்கிறது வேறுபாடு.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமணமாகிக் கோயம்புத்தூர் வந்தபின் குழாய் நீர். குழாயின் வாயில் துணிப்பை கட்டினேன். அம்மா கற்பித்ததை விடவில்லை என்று பெருமையும் கொண்டேன். வாரம் ஒருமுறை அந்தப் பையைக் கழற்றித் தொட்டியில் கழுவி, சாக்கடையில் விட்டேன். முப்பது ஆண்டுகள். ஒருமுறை அம்மா வந்து தங்கியிருந்தபோது இதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பையைத் தாமே கழற்றி, ஒரு கிண்ணத்து நீரில் கழுவி, அதைக் கையில் ஏந்திக்கொண்டு, “இதை எங்கே கொண்டுபோய் விட வேண்டும்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. சிறுவாணிக்கா போக முடியும்? கடைசியில் மாடியில் இருந்த தாமரைத் தொட்டியில் ஊற்றினார். இப்போது அந்தத் துணிப்பையும் போய், சுவரில் மாட்டிய எந்திரம் வந்துவிட்டது. அது வடிக்கும் நீர் பளிங்குபோல் இருக்கிறது. அதனுள் தங்கியது எதுவாயினும் திரும்பும் வழி கிடையாது.

திகம்பர முனிவர்கள் ஆகாரத்துக்குக் கிணற்று நீரையே கேட்பதன் பொருள் எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது. தூய்மை மட்டும் காரணம் அன்று. கிணற்றில் எடுத்ததைக் கிணற்றில் திருப்பி விடலாம். குழாயில் வந்ததைக் குழாய்க்குள் திருப்பி விட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் முனிவர் ஒருவர் விகாரம் வந்தபோது, இவ்வளவு பெரிய நகரத்தில் இறைக்கும் கிணறு எங்கே இருக்கிறது என்று நம்மவர் தெருத்தெருவாக அலைந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் கோயிலின் பின்புறக் கிணறுதான் அன்று நம் மானத்தைக் காத்தது.

கொங்கு நாடு கிணறுகளால் வாழ்ந்த நாடு. மேற்கு மலையின் மழைமறைவில் இருப்பதால் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைப்பதில்லை. கருங்கல்லை உடைத்துக் கிணறு வெட்டி, கவலை ஓட்டி, எருதுகளின் பின்னே நடந்து நடந்து இந்த மண்ணைப் பசுமையாக்கினார்கள். இந்தப் பாறையில் நீர் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. விரிசல்களிலும் வெடிப்புகளிலும் நூல்நூலாக ஓடுகிறது. அந்த விரிசல்களே கிணற்றுவாணர் போன்ற உயிர்களுக்குத் தெரு, வீடு, ஊர் எல்லாம். கிணறு என்பது அந்த ஊருக்கு நாம் திறந்த ஒரு சாளரம். ஆழ்துளை போட்டு ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கினோம். மேலடுக்கின் விரிசல்கள் காய்ந்தன. நொய்யல் கதையை நான் விரிக்க வேண்டியதில்லை. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு நீரின் தேக்கமாகிப் போனது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. கரையோரக் கிணறுகள் உப்பாகிப் பயிருக்கும் ஆகாமல் போயின. பயிருக்கு நேர்ந்ததை எழுதினார்கள். விரிசலில் வாழ்ந்தவற்றுக்கு நேர்ந்ததை எழுத யாருமில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்னும் இரும்புத் தாது வளமிக்க பகுதி உண்டு. நம் ஆந்திரகாய்டஸின் உறவினர் அங்கே நிலத்தடி நீரில் வாழ்கின்றனர். அங்கே புதிய சுரங்கம் தோண்ட விழைபவர், நிலத்தடியில் எந்தெந்த உயிர் வாழ்கிறது என்று முன்கூட்டியே கணக்கெடுத்துக் காட்ட வேண்டும் என அரசின் சூழல் ஆணையம் கேட்கிறது. இரும்பு வணிகம் செய்வோர் கண்ணற்ற ஓர் உயிருக்காக நின்று பதில் சொல்கிறார்கள். அவர்கள் சமணர் அல்லர்.

ஓர் இடர்ப்பாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காசி உயிருக்குப் பெயர் கிடைத்தது எப்படி? பிடித்து, மதுச்சாரக் குப்பியில் இட்டு, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்துத்தான். பெயர் இல்லாததைக் காக்கச் சட்டம் இல்லை. பெயரிட வேண்டுமானால் சிலவற்றின் உயிர் போகிறது. அறிவியலாரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையேல் இன்று நான் பேச ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தக் கட்டுரைகளின் படங்களைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இப்போது வேறொரு வழி வளர்ந்துவருகிறது. உயிர்கள் நீரில் உதிர்க்கும் மரபணுத் துணுக்குகளை ஒரு குப்பி நீரிலிருந்தே கண்டறிகிறார்கள். ஐரோப்பியக் குகைகளில் வாழும் ஒல்ம் என்னும் கண்ணற்ற உயிரின் இருப்பிடங்களை, அதைத் தொடாமலே அவ்வாறு அறிந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் உயிரியல் படிப்போர் பலர் உளர். அவர்கள் இதை மனத்தில் கொள்ளட்டும்.

இனி என் விண்ணப்பம். நம் கோயிலின் பின்புறக் கிணற்றைத் தூர்த்து, அன்னதானக் கூடத்தை விரிவாக்கலாம் என்று ஒரு கருத்து பொதுக்குழுவின் முன் இருக்கிறது. அதை முன்வைத்தவர்கள் என் மதிப்புக்குரியவர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களும் பொய்யல்ல. திருவிழா நாளில் பந்திக்கு இடம் போதவில்லை. பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் ஏறி எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கே அடிவயிறு கலங்குகிறது. கொசு வருகிறது. ஆழ்துளைக் கிணறும் எந்திரமும் இருக்கும்போது இது எதற்கு என்கிறார்கள்.

அந்தக் கிணற்றில் கிணற்றுவாணர் வாழ்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. காசிக் கிணறுகளில் வாழ்கிறார் என்று 1950க்கு முன் யாரும் சொல்லவில்லை. ஆந்திரத்தில் வாழ்கிறார் என்று 2011க்கு முன் யாரும் சொல்லவில்லை. இருக்கிறதா என்று அறியாத நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் நெறி நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது. அதனால்தான் தெளிந்த நீரையும் வடிக்கிறோம். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் வடி என்று யாரும் விதிக்கவில்லை. ஒரு குடம் நீரில் இருக்கலாம் என்று ஐயுற்று இரட்டைத் துணி கட்டும் நாம், கிணறு முழுவதையும் கட்டட இடிபாடு கொட்டி மூடுவோமா?

கூடத்தை மேற்குப் பக்கம் நீட்டலாம். கட்டட அறிவுள்ள ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். கைப்பிடிச் சுவரை இரண்டடி உயர்த்தி, மேலே பூட்டுடன் கூடிய இரும்புக் கம்பி மூடி போடலாம். கொசு புகாத நெருக்கமான வலையை அதன்மேல் விரிக்கலாம். செலவில் என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தைச் செயலாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். நாள்தோறும் அபிடேகத்துக்கு அந்தக் கிணற்று நீரை இறைத்து, வடித்து, ஜீவானியை முறைப்படி இறக்கிவிட ஐந்து குடும்பங்கள் முறைவைத்துக்கொள்ள இசைந்திருக்கின்றன. ஆறாவது, ஏழாவது குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

அடியில் வளையம் வைத்த வாளி கோயம்புத்தூர்க் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய வாளி ஒன்றைப் பட்டறையில் கொடுத்து வளையம் பற்றவைத்து வாங்கியிருக்கிறேன். புதிய கயிறும் எழுபது அடி வாங்கியாயிற்று. இரண்டும் கிணற்றடியில் இருக்கின்றன. பந்தி தொடங்குமுன் பிள்ளைகள் வந்தால், எப்படிக் கவிழ்ப்பது என்று காட்டித் தருகிறேன்.

ஜெய் ஜினேந்திரா.